அவலாஞ்சில பார்த்த செவப்புப் பூ மரம், நம்ம மரமா இமயமலை மரமா?

மலைக்காத்து:
போன வாரம் ஊட்டி பக்கம் அவலாஞ்சி போயிருந்தோம், புல்வெளி ஓரமா ஒரு மரம், பெருசா உயரம் இல்ல, முறுக்கிக்கிட்டு நிக்குது, கிளை நுனில கொத்துக்கொத்தா ரத்தச் செவப்புல பூ. டிரைவர் அண்ணன் காட்டுப்பூவரசுன்னாரு, ஆனா பூவரசு சாயலே இல்ல. ஆப்ல போட்டா ரோடோடென்ட்ரான் ஆர்போரியம்னு வருது, அது உத்தராகண்ட் மாநில மரமாச்சே? வெள்ளக்காரன் கொண்டுவந்து வச்சதா?

சோலைக்குருவி:
வச்சதெல்லாம் இல்லீங்க, சோலைக்காட்டு ஓரத்துல தானா வளர்றது. டிரைவர் சொன்ன பேரும் சரிதான், ஆனா பூவரசு பருத்தி, செம்பருத்தி குடும்பம், இது எரிகேசியேங்கிற வேற குடும்பம், பேருல மட்டும்தான் சொந்தம். ஆப் பாதி சரி, முழுப்பேருல நீலகிரிக்கம்னு துணையினம், அதாவது இனத்துக்குள்ள ஒரு பிரிவு, சேரும். நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மூணாறுன்னு நம்ம உயர மலைகள்ல மட்டும்தான் இருக்கு. செங்கர்னு ஒரு தாவரவியலாளர் முதல்ல தனி இனம்னுதான் பேர் வச்சாரு, டேக்னு இன்னொருத்தர் பின்னாடி துணையினமா இறக்கிட்டாரு, இப்பவும் சில பேர் தனி இனம்னுதான் எழுதுறாங்க. இலையத் திருப்பிப் பார்த்தீங்களா? அடியில துருப்பிடிச்ச கலர்ல மெத்துன்னு இருக்கணும், இமயமலை மூல வகைக்கு வெள்ளி மாதிரி மெல்லிசா ஒட்டியிருக்கும்.

பட்டைதாரி:
துரு கலர மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, நேபாளப் பக்கம் சின்னமோமியம்னு இன்னொரு துணையினம் இருக்கு, அதுக்கும் அடி பழுப்புதான். நம்மளுதுல இலை கொஞ்சம் குட்டை, அகலம், நுனி மழுங்கியிருக்கும். ஆனா காட்டுல தானா நிக்குற மரம்னா இடமே பாதி விடை சொல்லிடும். பனியுகக் குளிர்ல இந்த மரம் இமயமலைப் பக்கமிருந்து தெக்க எறங்கி வந்து, சூடானதும் மலை உச்சில மாட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. வரையாட்டுக்கும் இதே கதையத்தான் சொன்னாங்க, 2005ல டிஎன்ஏ பார்த்தா அது இமயமலைல இருக்குற தார்ங்கிற காட்டாட்டுக்கு நெருங்கின சொந்தமே இல்ல, செம்மறியாட்டுப் பக்கம் போயிடுச்சு. அதனால பார்வைக்கு ஒத்துப்போறத நான் அவ்வளவா நம்புறதில்ல.

நுவரெலியாக்காரன்:
இலங்கையில எங்கட ஹோர்ட்டன் சமவெளியிலயும் நிக்குது, அது சைலானிக்கம் துணையினம். இலை மேல்பக்கம் நல்லா சுருங்கி புடைச்சுப் புடைச்சு இருக்கும், தொட்டாலே தெரியும்.

மலைக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. இப்பதான் போனத் தேடிப் பார்த்தேன், 40 போட்டோ, அத்தனையும் பூ, இலை அடிப்பக்கம் ஒண்ணு கூட இல்ல 😅 பட்டையாவது ஒண்ணு மாட்டியிருக்கு, தடிப்பா வெடிச்சு வெடிச்சு, போட்டு விடவா?

சோலைக்குருவி:
போடுங்க போடுங்க. அடுத்த தடவ கீழ விழுந்த இலைய எடுத்துத் திருப்பிப் பாருங்க, பறிக்க வேணாம்.