ஒரே தாய், ஒரே மரபணு: மொய்னா தொட்டியில் ஆண் வந்தபோது

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் கப்பி, ஃபைட்டர் மீன் வளர்க்கிறேனுங்க. குஞ்சுத் தீனிக்காக சிமெண்டுத் தொட்டியில் மொய்னா என்ற பொடி நீர்த்தெள்ளு விட்டிருக்கிறேன்.

அதன் தீனியான பாசியால் தண்ணி பச்சையாக இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாமே பெண்தான். ஆண் இல்லாமலே முதுகுப் பையில் முட்டை வளர்ந்து, தாயின் நகலாகக் குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். கூட்டம் பெருகி, பச்சை தெளிந்து அடி தெரிய ஆரம்பித்தால்தான் மாற்றம். அப்படி ஒரு சமயம், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பெண்ணைவிடச் சிறிய உடம்பு, தலைக்கு முன்னால் வளைந்து நீண்ட இரண்டு கொம்பு. அதுதான் ஆண், பெண்ணைப் பற்றிக்கொள்ளத்தான் அந்தக் கொம்பு. சில பெண்களின் முதுகில் கருத்த முட்டைக் கூடும் இருந்தது. தொட்டி காய்ந்தாலும் அந்த முட்டை சாகாது. மறுபடி தண்ணி விட்டால் அதிலிருந்து வருவதெல்லாம் பெண்.

என்னை அசர வைத்தது இதுதான்: அந்த ஆணும் தாயின் நகலே. எக்ஸ், ஒய் குரோமோசோம் கணக்கே இங்கே கிடையாது. இதன் சொந்தக்கார இனமான டாப்னியா மக்னாவில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். தாயின் உடம்பில் சுரக்கும் மெத்தில் ஃபார்னெசோயேட் ஹார்மோன் வளரும் முட்டையை ஆணாகத் திருப்புகிறது. முட்டைக்குள் டபுள்செக்ஸ்-1 என்ற மரபணு ஓங்கி வேலை செய்தால் ஆண். 2011-ல் வந்த ஆய்வில், ஆண் கருவில் அதை அடக்கினால் பெண் தன்மை வந்தது. பெண் கருவில் தூண்டினால் ஆண் தன்மை வந்தது.

அதே இனத்தில் ஹார்மோன் கொடுத்தாலும் ஆண் குஞ்சு போடாத பெண்களும் உண்டு. அந்தக் குணம் எங்கே இருக்கிறது என்று மரபணு வரைபடம் போட்டுத் தேடி, ஒரே குரோமோசோமின் ஒரு பகுதியில் இருப்பதாக 2017-ல் கண்டுபிடித்தார்கள். சூழல் தீர்மானித்ததை அங்கே மரபணு கையில் எடுக்க ஆரம்பித்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் ஒரு குரோமோசோம் பிறக்கும் கட்டத்தையே பார்க்க முடிகிறது என்றால் சும்மாவா!

எவ்வளவு பட்டினி போட்டாலும் ஆணே வராத மொய்னா உங்களில் யாரிடமாவது இருந்தால், மற்றதோடு கலக்காமல் தனி வாளியில் வையுங்கள். எனக்கும் கொஞ்சம் வேணும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.