மாட்டுக்கு ஊசி போட ஊருக்கு ஒரு சந்து வேண்டுமா, மூக்கணாங்கயிறு போதாதா?

மலையடிவாரம்:
அழகர்மலைப் பக்கத்தில் எங்கள் ஊர். போன கோமாரி நோய்த் தடுப்பூசி முகாமில் ஊர் மந்தையில் வேப்பமரத்தடியில் மாடுகளைக் கட்டி ஊசி போட்டார்கள். எங்கள் சித்தப்பா தலைச்சன் கிடாரியைப் பிடித்திருந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். ஊசி பட்டதும் கிடாரி ஒரே இழுப்பு. மோதிர விரலின் மேல்கணு நசுங்கி, மதுரைக்குத் தூக்கிப் போனோம். இன்றைக்கும் அவரால் அந்தக் கையால் பால் கறக்க முடியவில்லை.

வருடத்துக்கு இரண்டு தடவை கோமாரி ஊசி, கிடாரிக் கன்றுக்குக் கருச்சிதைவு நோய் ஊசி, காதில் 12 இலக்க அடையாள எண் வில்லை, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சினைப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மரத்தடியில் நாலு பேர் மல்லுக்கட்டுவதுதான் வழியா? மந்தை ஓரமாக, மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைய இரும்புக் குழாயில் 30 அடிக்கு ஒரு சந்து, முன்னால் கழுத்தை நிறுத்தும் கதவு. ஊர்ப் பொதுவில் கட்டலாம் என்கிறேன். கொஞ்சம் வளைவாகக் கட்டினால் மாடு தயங்காமல் போகும் என்று மாடுகளின் நடத்தையை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையார் சொன்னதையும் படித்தேன்.

வாடிப்பட்டி_நாட்டுமாடு:
சித்தப்பாவுக்கு நடந்தது வருத்தம்தான் தம்பி. ஆனால் கயிற்றைக் கையில் சுற்றியது பிடித்தவர் தவறு, அதற்கு இரும்புச் சந்து கட்டுவது மருந்தில்லை.

என்னிடம் எட்டு உருப்படி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து கையை நக்கும். நீங்கள் சொல்லும் அம்மையார் அமெரிக்காவில் பெரும் பண்ணை மாடுகளை வைத்து வேலை செய்தவர். அங்கே மாடு வருடத்தில் சில நாள்தான் மனிதனைப் பக்கத்தில் பார்க்கும். ஆள் ஓர் எல்லைக்குள் வந்தால் விலகி ஓடும், அதை வைத்துத்தான் அவர்கள் ஓட்டுகிறார்கள். நம் வீட்டு மாட்டுக்கு அந்த எல்லையே கிடையாது. அதை ஓட்டக் கூடாது, முன்னால் நடந்து கூட்டிப் போக வேண்டும். கால்நடை மருந்தகத்தில் மாட்டை நிறுத்தும் இரும்புக் கூண்டுக்குள் என் காரிப் பசுவை ஏற்றியபோது படுத்தே விட்டது. அது இரும்பைப் பார்த்துப் பயந்த பயம், ஊசிக்கு இல்லை.

கிடைக்காரர்_மகன்:
எட்டு மாட்டுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணே. எங்கள் கிடையில் புளிக்குளம் என்ற நாட்டு இன மாடு நூற்றுக்கு மேல். பசுக்களுக்கு மூக்கணாங்கயிறே கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் அடைந்து கிடக்கும், காலையில் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். எதைப் பிடித்து ஊசி போடுவது? முகாமுக்கு முகாம் பாதி மாடு தப்பிவிடும்.

அதனால் அப்பாவும் நானும் மூங்கில் படலில் சந்து கட்டினோம். முதல் நாள் ஒரு மாடும் நுழையவில்லை. கத்தினோம், வாலை முறுக்கினோம், மிரண்டதுதான் மிச்சம். மறுநாள் நானே குனிந்து மாட்டின் தலை உயரத்தில் அந்தச் சந்துக்குள் நடந்து பார்த்தேன். எதிரே கண்மாய்த் தண்ணீரில் வெயில் கண்ணில் அடித்தது. படல் இடைவெளியில் ஆட்கள் கால் தெரிந்தது. தரையில் படலின் நிழல் வரிவரியாக விழுந்திருந்தது. மாட்டுக்கு அது பள்ளமா நிழலா என்று நின்று பார்த்தால்தான் தெரியும். வாய்ப்பக்கத்தை வேறு திசைக்குத் திருப்பி, இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டோம். அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின.

இன்னொன்று. நிற்கிற மாட்டைப் பின்னாலிருந்து அடிக்காதீர்கள், வாலுக்கு நேர்பின்னால் அதற்குக் கண் தெரியாது, உதைக்கும். சந்துக்கு வெளியே தலைப்பக்கமிருந்து வால்பக்கம் நடந்து போங்கள். நாம் அதன் முன்சப்பையை, அதாவது தோளை, தாண்டியதும் அது தானாக முன்னே நகரும்.

ஓய்வுபெற்ற_ஆய்வாளர்:
கால்நடை ஆய்வாளராக முப்பது வருடம் ஊசி போட்டவன் என்பதால் சொல்கிறேன். நான் வாங்கிய உதைகள் எல்லாமே மரத்தடியில் வாங்கியவை. வீட்டுக்காரர் பிடித்தால் மாடு நிற்கும் என்பது மெய்தான். ஆனால் முகாமில் இருபது பேர், ஐம்பது மாடு, அந்நியக் குரல். அந்தக் கூச்சலில் வீட்டு மாடும் மாறிவிடும்.

தம்பி, வளைவு வேண்டாம். உங்கள் 30 அடியில் வளைத்தால் முனை மூடின மாதிரி தெரிந்து மாடு நிற்கும். நேராகவே கட்டுங்கள். பெரிய மாட்டுக்கு இரண்டரை அடி அகலம் போதும், அதிலேயே கன்று திரும்பிக்கொள்ளும், கன்றுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு பலகை வைத்து அகலத்தைக் குறையுங்கள். தரைதான் முக்கியம். வழுவழு சிமெண்டில் ஒரு தடவை வழுக்கிய மாடு மறுபடி ஏறாது. ஈரமாக இருக்கும்போதே கோடு கிழித்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் மட்டும் நழுவ 14 அங்குல இடைவெளி விடுங்கள், மாடு திரும்பினால் அதுதான் உயிர். சந்தில் நுழையுமுன் மாடுகளை அடைக்கிற பட்டியை நிரப்பாதீர்கள். பாதி காலியாக இருந்தால்தான் திரும்பி வாசலைப் பார்க்கும்.

வாடிப்பட்டி_நாட்டுமாடு:
அய்யா, இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் பாலமேடு, அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் அவிழ்த்துவிடப் பழக்கிய காளைக்குக் குறுகலான சந்து என்றால் ஒரே அர்த்தம், கதவு திறந்ததும் பாய். அதைக் குழாய்ச் சந்தில் அடைத்தால் கதவையோ கொம்பையோ உடைத்துக்கொள்ளும்.

கிடைக்காரர்_மகன்:
இதை நான் யோசிக்கவில்லை அண்ணே. ஜல்லிக்கட்டுக் காளையை வளர்த்தவரே கயிற்றில் பிடிக்கட்டும், அதற்குச் சந்து வேண்டாம். பசுக்களைப் பொறுத்தவரை, முகாம் அன்றைக்கு முதல் முறை ஏற்றக் கூடாது. முன்னதாக நாலு நாள் மறுமுனையில் பருத்திக்கொட்டை வைத்துச் சும்மா நடக்க விடுங்கள். உங்கள் காரி படுத்ததற்குக் காரணம், அது அந்தக் கூண்டைப் பார்த்த முதல் நாளே ஊசி வாங்கியதுதான்.

மலையடிவாரம்:
சரி, வளைவை விட்டுவிடுகிறேன். மேற்குப் பார்த்த வாயையும் மாற்றுகிறேன், சாயங்கால வெயில் நேரே அடிக்கும். முதலில் மூங்கிலிலேயே கட்டிப் பார்ப்போம், இரும்புக்கு அப்புறம் பணம் கேட்கலாம். வாடிப்பட்டி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

வாடிப்பட்டி_நாட்டுமாடு:
காரியைக் கொண்டு வருகிறேன். அது மறுபடி படுத்தால் அதோடு பேச்சு முடிந்தது. கயிறு என் கையில்தான் இருக்கும்.

மலையடிவாரம்:
இருக்கட்டும் அண்ணே. சுற்றிப் பிடிக்காதீர்கள்.