சிசிலியில் ஏழு நாள்: கிழக்குக் கரையா, பலெர்மோவா?

தென்றல்:
அக்டோபரில் ஏழு நாள் பயணமாக நானும் கணவரும் மாமியாரும் இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் செல்ல இருக்கிறோம். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சைவம் மட்டுமே சாப்பிடுவார். கார் எடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கட்டானியாவில் இறங்கிக் கிழக்குக் கரையைப் பார்ப்பதா, பலெர்மோவில் இறங்கி மேற்கைப் பார்ப்பதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டையும் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர்.

நெய்தல்:
இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க வேண்டாம், சகோதரி. மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு சிசிலி. பரப்பு ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர். பலெர்மோவுக்கும் கட்டானியாவுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர் இருப்பதால், பெட்டி கட்டி, அறை மாறி, மறுபடி பிரித்து வைப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். கிழக்கைத் தேர்ந்தெடுங்கள். மெசீனாவிலிருந்து கட்டானியா வழியாகச் சிராகூசா வரை கரையோரமாகவே ரயில் செல்கிறது.

சிராகூசாவின் பழைய நகரமான ஒர்த்தீஜியா ஒரு சிறு தீவு. முழங்கால் வலி உள்ளவர்கள்கூட நின்று நின்று நடந்து பார்த்துவிடலாம். அங்குள்ள பேராலயத்தின் வடக்குச் சுவரை வெளியிலிருந்து பாருங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அதீனா தேவிக்குக் கிரேக்கர் எழுப்பிய கோயிலின் பருத்த தூண்கள் சுவரிலிருந்து பாதி புடைத்து நிற்கும். தூண்களுக்கு இடையில் இருந்த வெளியைக் கல் வைத்து அடைத்தே அதைத் தேவாலயமாக்கினார்கள். இடையில் அராபியர் காலத்தில் அது பள்ளிவாசலாகவும் இருந்தது. இருபத்தைந்து நூற்றாண்டுகளாக வழிபாடு குடியிருக்கும் அந்தச் சுவருக்காகவே நான் மறுபடியும் சிராகூசாவுக்குப் போவேன்.

கல்தச்சன்:
ஒரே பக்கம் போதும் என்பதில் நண்பர் நெய்தலோடு உடன்படுகிறேன். எந்தப் பக்கம் என்பதில் உடன்பட முடியவில்லை. பலெர்மோ அரண்மனைக்குள் இரண்டாம் ரோஜர் மன்னர் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சிற்றாலயத்தில், சுவரெங்கும் பைசாந்திய முறையில், அதாவது கிழக்குக் கிரேக்கப் பேரரசின் பாணியில், பொன் பதித்த மொசைக் ஓவியங்கள் இருக்கின்றன. தலைக்கு மேலே தேன்கூடு போலக் குடைந்து வண்ணம் தீட்டிய மரக்கூரை முழுவதும் அராபியக் கலைமரபு. வட பிரான்சு வழிவந்த நார்மானிய அரசன் ஒருவன் கிரேக்கரையும் அராபியரையும் ஒரே கட்டடத்தில் வேலை செய்யவைத்ததற்கு இவ்வளவு அழகான சான்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. மொன்ரியாலே பேராலயத்துக்குப் பேருந்தும் கடலோர ஊரான செஃபலூவுக்கு ரயிலும் பலெர்மோவிலிருந்தே கிடைக்கின்றன. கார் இல்லாததைக் கிழக்குக்கு மட்டும் சாதகமாகக் காட்டுவது நியாயமில்லை.

நெய்தல்:
நீங்கள் சொல்வது பலெர்மோவும் அதன் அக்கம்பக்கமும் மட்டுமே, மேற்கு முழுவதும் இல்லை. செஜெஸ்தாக் கோயில், திராப்பானி உப்பளங்கள், செலினுந்தே இடிபாடுகள் என்று மேற்கின் உயிரான இடங்கள் பலவும் கார் இல்லாதவர்களை அலையவைக்கும். நீங்கள் புகழும் சிற்றாலயமும் மாடியில்தான் இருக்கிறது.

கல்தச்சன்:
மாடியில் இருப்பது உண்மை. சுற்றியுள்ள இடங்களைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் கிழக்கின் உயிரான எட்னா எரிமலையையும் அதே தராசில் வையுங்கள். கேபிள் கார் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும்; அதன் பிறகு குளிர்காற்றும் காலடியில் சரியும் எரிமலைச் சாம்பலும்தான். முழங்கால் வலியோடு அங்கே என்ன செய்வது? 1693ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்து புதிதாக எழுந்த நோத்தோ, ராகூசா ஆகிய ஊர்களும் அழகானவைதான், ஆனால் ராகூசாவில் படிகளுக்குக் குறைவில்லை.

வல்லிபுரம்:
ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் சித்தப்பா குடும்பம் பலெர்மோவில் பல ஆண்டுகளாக வாழ்கிறது. ஈழத்திலிருந்து சென்ற எம்மவர்கள் அந்நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நகரை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலையின் குகைக் கோயிலில் புனித ரொசாலியா இருக்கிறார். 1624ஆம் ஆண்டு கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் என்று அந்த ஊரார் நம்பும் புனிதை அவர். எங்கள் சனங்களில் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவர்களும் அம்மலைக்கு நேர்த்தியோடு செல்கிறார்கள். குகையின் பாறைக்கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகடுகளால் தாங்கி ஓரமாக வழியவிட்டிருப்பார்கள்; அந்தச் சில்லிட்ட இருட்டில் என் சித்தி திருநீறு பூசிய நெற்றியோடு கண்மூடி நின்றதை நான் மறக்கவில்லை. உங்கள் மாமியாருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், அக்கா. உணவுக்கும் கவலை வேண்டாம்: கொண்டைக்கடலை மாவில் செய்து பொரிக்கும் பனெல்லே தெருவெங்கும் கிடைக்கும். பொரித்து விற்கும் சோற்று உருண்டையை வாங்கும்போது மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்; வெண்ணெய் உருண்டை என்று விற்பதிலும் பன்றி இறைச்சி இருப்பது வழக்கம்.

நெய்தல்:
உணவைப் பொறுத்தவரை கட்டானியாவும் குறைந்ததில்லை. கத்திரிக்காயும் உப்பிட்ட ரிக்கோத்தாவும் சேர்ந்த நோர்மா பாஸ்தா அந்த ஊருடையது. ஆனால் மாமியாரின் மனம் குகைக் கோயிலை நாடினால், அதற்கு எதிராக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

தென்றல்:
எல்லாவற்றையும் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தூண்கள் புடைத்த சுவரை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, மலைக்கோயிலுக்கு எத்தனை படி என்று கேட்டார்.

வல்லிபுரம்:
நகரப் பேருந்து மலைமேலேயே கொண்டுபோய் விடும். அங்கிருந்து வாசல்வரை படிக்கட்டு உண்டு. எத்தனை என்று நான் எண்ணவில்லை. சித்திக்கும் முழங்கால் வலிதான், இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டார்.