நீர்கொழும்புக்கு கரையோரமா சைக்கிள்ல போன ஆக்கள் இருக்கீங்களா?

வாற ஞாயிறு விடிய அஞ்சு மணிக்கு நானும் மச்சானும் வெள்ளவத்தையில இருந்து ரோட் பைக்ல நீர்கொழும்பு போகப்போறம், ஏ3 ரோட்டால போனா பஸ்காரங்கள் உயிரோட விடமாட்டாங்கள், ஹைவேல சைக்கிள் விடவே மாட்டாங்க, அதால வத்தளையில ஹெந்தளைப் பக்கம் திரும்பி பமுணுகம, பிட்டிப்பனை வழியா போவம் எண்டு யோசிக்கிறம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் முத்துராஜவெல சதுப்பு, பிறகு களப்பு, கொக்கு நாரை பாத்துக்கொண்டே போகலாம், கொழும்புக்குக் கிட்ட இதவிட நல்ல ரூட் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன் (மச்சான் நீர்கொழும்பு நண்டுக்குத்தான் வாறான்).

1804ல வெட்டி முடிச்ச ஹமில்டன் கால்வாய்க் கரைப் பாதை இப்ப எப்பிடி, 25 மிமீ டயருக்கு சரிவருமா, இல்ல மெயின் ரோட்லயே போறதா? போன மாசம் வேற இடத்துல ரெண்டு டியூப் போய் ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தனான், அதான் கேக்கிறன். பமுணுகம பக்கம் விடிய திறக்கிற சைக்கிள் கடை, தேத்தண்ணிக் கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க ப்ளீஸ்.