சிம்ஃபெரோபோலில் நான் இருந்த அந்த மாதம்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

பால்மரக்காடு, சுங்கை சிப்புட்:

என் அம்மா இங்கே தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய சேமநிதிப் பணத்தாலும் அடகு வைத்த வளையல்களாலும்தான் நான், அப்போது உக்ரேனின் கையில் இருந்த கிரிமியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனேன். நம் பிள்ளைகள் பலர் அப்போது அங்கே படித்தார்கள். கிரிமியாவின் தலைநகரான சிம்ஃபெரோபோலின் மாணவர் விடுதியில் சாம்பார் வாசம் வீசிய காலம் அது. 2014இல் எனக்கு ஐந்தாம் ஆண்டு.

அதற்கு முந்தைய நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தில் உக்ரேன் அதிபர் யானுகோவிச் கையெழுத்திட மறுத்தார். தலைநகர் கீவின் சதுக்கத்தில் மக்கள் திரண்டார்கள். பிப்ரவரி 18 முதல் 20 வரை அங்கே ஏறத்தாழ நூறு பேர் உயிரிழந்தார்கள். அதிபர் தலைநகரை விட்டு ஓடினார். 22ஆம் தேதி நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. மறுநாளே, ரஷ்ய மொழிக்கு வட்டார மொழித் தகுதி தந்த சட்டத்தை ரத்துசெய்ய அதே நாடாளுமன்றம் வாக்களித்தது. இடைக்கால அதிபர் அதில் கையெழுத்திடவில்லை. ஆனால் வாக்களித்த செய்தி பரவிய வேகத்தில், கையெழுத்திடாத செய்தி பரவவில்லை. தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்ற ஊரே ஓடியாடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் ரஷ்யத் தோழி அன்று ஏன் அழுதாள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அச்சத்தைத்தான் மாஸ்கோ பயன்படுத்திக்கொண்டது.

27ஆம் தேதி காலை கிரிமிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ரஷ்யக் கொடி பறந்தது. இரண்டு நாள் கழித்து ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சிப்பாய் நின்றான். முகமூடி, புதுச் சீருடை, தோளில் துப்பாக்கி. சட்டைக் கையில் சின்னம் ஒட்டும் சொரசொரப்பான பட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. மூதாட்டி ஒருவருக்கு வழிவிட்டுவிட்டு, இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனான். அவர்கள் ரஷ்யப் படையினர்தாம் என்பதை ஏப்ரலில் புட்டினே ஒப்புக்கொண்டார்.

நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி தாத்தார் இனத்தவர். 1944 மே மாதத்தில் ஸ்டாலின் அரசு கிரிமியத் தாத்தார்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்தியபோது அவர் கைக்குழந்தை. மார்ச் தொடக்கத்தில் ஒரு துணிப்பை தைத்து, பத்திரங்களையும் உலர்ந்த ரொட்டியையும் அதில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். எதற்கு என்று கேட்டேன். "கால் மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்று என் அம்மா சொல்வார்" என்றார்.

ரஷ்யாவுடன் இணைவது பற்றிய மார்ச் 16 வாக்கெடுப்புக்கு அவர் போகவில்லை. இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்ல அந்த வாக்குச் சீட்டில் இடமே இல்லை. 97 விழுக்காடு ஆதரவு என்று அறிவித்தார்கள். 18ஆம் தேதி இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. வாக்கெடுப்பு செல்லாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 100 நாடுகள் வாக்களித்தன, மலேசியாவும் அவற்றில் ஒன்று. அதனால் சிம்ஃபெரோபோலில் எதுவும் மாறவில்லை. 29ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, ரயில் நிலையக் கடிகாரத்தின் முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். அது மாஸ்கோ நேரம். குளிர்காலத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்து என்னைக் கூப்பிடுவது அம்மாவின் வழக்கம். அன்றிலிருந்து நான்கு கழிக்கச் சொன்னேன். "ஏனம்மா, நீ வேறு ஊருக்குப் போய்விட்டாயா?" என்று பதறினார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்:

உங்கள் அம்மா பதறியது சரிதான், மகளே. அந்தச் சண்டை நான்கே மாதத்தில் நம்மிடம் வந்தது. ஜூலை 17, நோன்பு மாதம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரேனின் டோனெட்ஸ்க் வட்டாரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர், அவர்களில் 43 பேர் மலேசியர்கள். ஏப்ரலில் ஆயுதக் கும்பலுடன் அந்த வட்டாரத்தின் ஸ்லோவியான்ஸ்க் நகரைப் பிடித்த முன்னாள் ரஷ்ய உளவுத்துறை அதிகாரி கிர்கின்தான், இந்தக் கொலைகளுக்காக 2022இல் நெதர்லாந்து நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த மூவரில் ஒருவர். மூவரும் விசாரணைக்கு வரவே இல்லை.

ஆகஸ்ட் 22இல் முதல் 20 உடல்கள் வந்திறங்கின. பள்ளித் திடலில் மௌனமாக நின்றோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட அசையவில்லை. செம்பனை லாரி ஒன்று சாலை ஓரத்தில் நின்றது; ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறக்கவும் முடியவில்லை.

எல்பில் பேரன், ஈப்போ:

1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டபோது என் தாத்தா எல்பில் தோட்டத்தில் வேலை செய்தார். அதன் பிறகு லயத்தைச் சுற்றி முள்வேலி. மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது; கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். வெறும் வயிற்றோடு மலையேறியதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தாவுக்குக் குரல் கம்மிவிடும்.

இங்கே நிலம் வேறு நாட்டுக்குக் கைமாறவில்லை, அது பெரிய வேறுபாடு. ஆனால் பன்னிரண்டு ஆண்டு நடந்ததை அரசு போர் என்று சொல்லவில்லை, அவசரகாலம் என்றது. டோனெட்ஸ்க் உள்ளிட்ட கிழக்கு உக்ரேனின் டோன்பாஸ் பகுதியில் நடந்ததை உக்ரேன் 2018 வரை பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை என்றது. 2021 முடிய அங்கே 14,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு, அவர்களில் 3,400க்கும் மேற்பட்டவர்கள் பொதுமக்கள். பெயரைச் சிறிதாக வைத்தால் சாவு குறைந்துவிடுமா?

அந்தப் பாட்டி என்ன ஆனார்?

பால்மரக்காடு, சுங்கை சிப்புட்:

கடைசி ஆண்டை நான் உக்ரேனின் கார்கிவ் நகரில் முடித்தேன். அங்கேயும் 2014 ஏப்ரலில் ரஷ்ய ஆதரவாளர்கள் அரசுக் கட்டடத்தைக் கைப்பற்றிக் குடியரசு என்று அறிவித்தார்கள். ஓரிரு நாளில் போலீஸ் சிறப்புப் படை அதை மீட்டுவிட்டது. டோனெட்ஸ்குக்கு அப்படி ஒரு மீட்பு கிடைக்கவில்லை.

பாட்டி 2019இல் காலமானார். அவருடைய மகள் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். போன முறை கேட்டேன். பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறதாம். ரொட்டியை மட்டும் மாதம் ஒரு முறை மாற்றுகிறாராம்.