முதுகெலும்பில் ஸ்க்ரூ: முன்னாடியே அளந்து பார்த்தார்களா? உங்கள் அனுபவம்

மாம்பலத்துக்காரன்:
அம்மாவுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பில் நாலாவதான எல்-4 எலும்பு, அதற்குக் கீழே உள்ள எல்-5 மேல் முன்பக்கமாக நழுவி, ஸ்க்ரூ போட்டே ஆகணும் என்றார்கள். எம்ஆர்ஐ எடுத்தாச்சு, அப்புறம் சிடி எதற்கு என்று எனக்கு எரிச்சல். ஓ.பி.யில் டாக்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, ஸ்க்ரூ நுழைகிற குறுகலான எலும்புப் பாலமான பெடிக்கிள் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இழுத்தார். அகலம் 9 மி.மீ. “6.5 மி.மீ. தடிமன் ஸ்க்ரூ போதும், 7.5 வேண்டாம்” என்றவர், கோட்டின் உள்முனையைத் தொட்டு, “இதை ஒட்டித்தான் நரம்பு” என்றார். நடுவில் இடமே இல்லை! அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். எனக்குத்தான் அந்தக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை.

எலும்பறை மாணவி:
அனாடமி பி.ஜி.யில் உலர்ந்த எலும்புகளை வெர்னியர் காலிப்பரால் அளந்திருக்கிறேன். எல்-1ல் பெடிக்கிள் ஒல்லி, எல்-5க்கு வந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். ஒரு சின்ன எல்-1 எலும்பு 6ஐக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் 6.5 ஸ்க்ரூவை வைத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. புத்தகத்துச் சராசரியை நம்பி அதைப் போட்டால் பெடிக்கிளின் சுவர் பிளந்துவிடும். ஒரே எலும்பில் இடதும் வலதும்கூட ஒன்றாக இருப்பதில்லை.

கீழ்ப்பாக்கம் பிசியோ:
அகலத்தையே பேசுகிறீர்கள், ஸ்க்ரூ போக வேண்டிய சாய்வு என்ன ஆச்சு? எல்-1ல் உள்நோக்கி 10 டிகிரி போல, எல்-5ல் 25, 30 வரை போகும். ரொம்ப உள்ளே சாய்த்தால் நரம்பு. வேறு எங்கோ ஆபரேஷன் செய்துகொண்டு என்னிடம் வந்தவருக்கு எல்-5 ஸ்க்ரூ உட்சுவரைத் தாண்டியிருந்தது. கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். பல்லைக் கடித்து முயன்றார், முகமெல்லாம் வியர்வை, விரல் அசையவே இல்லை.

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் சிடியில் அகலம், சாய்வு, நீளம் மூன்றும் பார்த்தாச்சா என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் முக்கியம், அடர்த்தி குறைந்திருந்தால் சரியான அளவு ஸ்க்ரூகூடத் தளரும். சிகரெட்டை நிறுத்துங்கள், எலும்பு கூடுவதே தாமதமாகும். மயக்கம் தெளிந்ததும் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். ஸ்க்ரூ போகும் வழியைக் கம்ப்யூட்டரில் காட்டும் நேவிகேஷன் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

எலும்பறை மாணவி:
சார், கடைசி வரி மட்டும் வேண்டாம். நேவிகேஷன் இல்லாத ஆஸ்பத்திரியிலும் துளைக்குள் உருண்டை முனைக் கம்பியை விட்டு நாலு சுவரையும் அடியையும் தடவிப் பார்த்து, ஆபரேஷன் அறையிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்மில் சரிபார்த்துத்தான் ஸ்க்ரூ ஏற்றுகிறார்கள். செலவு செய்ய முடியாதவர்களை ஏன் பயமுறுத்த வேண்டும்?