வாகையிலும் வேம்பிலும் நார் பிய்கிறது: இழைப்பு இயந்திரக் கத்திக்கு என்ன கோணம் வைப்பது?

கேள்வி (திருமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் சிறிய தச்சுப் பட்டறை நடத்தி வருகிறேன். என்னுடைய இழைப்பு இயந்திரத்தின் உருளையில் இரண்டு கத்திகள் உள்ளன. வேகம் நிமிடத்துக்கு 5,000 சுற்று. தேக்கும் மலைவேம்பும் இதில் வழவழவென்று வருகின்றன. சென்ற வாரம் ஒருவர் தம் தோட்டத்து மரங்களை அறுத்து, நன்றாக உலரவைத்த வாகைப் பலகைகளையும் வேப்பம் பலகைகளையும் கட்டிலுக்காகக் கொண்டுவந்தார். அவற்றில் ஒரு பட்டை நன்றாக இழைபட, அதை ஒட்டிய அடுத்த பட்டை நார் பிய்ந்து குழி குழியாக நிற்கிறது. பலகையைத் திருப்பி விட்டால் முன்பு நன்றாக வந்த பட்டை பிய்கிறது. கடினமான மரத்துக்குக் கோணம் கூடுதலாக வேண்டும் என்று கேள்விப்பட்டு, கத்தியின் சாய்வை 40 டிகிரியிலிருந்து 50 டிகிரியாகச் சாணை பிடித்தேன். சிறிதும் மாற்றம் இல்லை. பலகைகள் பிறருடையவை என்பதால் மேலும் சோதித்துப் பார்க்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில் (மேலூர்)

தம்பி, நீங்கள் மாற்றியது கூர்க்கோணம், அதாவது விளிம்பில் கத்தியின் இரு முகங்களுக்கும் இடையே உள்ள கோணம். மாற்ற வேண்டியது வெட்டுக்கோணம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து நல்ல கத்திகளைத் தேய்த்து வீணாக்கியவர்கள் பலர் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உருளையின் மையத்திலிருந்து கத்தியின் விளிம்புக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் கத்தியின் முன்முகத்துக்கும், அதாவது சீவல் ஏறிச் செல்லும் முகத்துக்கும், இடையே உள்ளதுதான் வெட்டுக்கோணம். அது கத்தி உட்காரும் பள்ளத்தின் சாய்வால் அமைவது. உங்கள் உருளையில் அது 30 டிகிரி என்று கொள்வோம். கூர்க்கோணம் 40 ஆனால், பின்புறம் மரத்தில் உரசாமல் விலகி நிற்க 20 டிகிரி மிஞ்சும். மூன்றும் சேர்ந்தால் 90. நீங்கள் பின்சாய்வை 50 ஆக்கியபோது அந்த விலகல் 10 டிகிரியாகக் குறைந்ததே தவிர, வெட்டுக்கோணம் அதே 30-இல்தான் நிற்கிறது. மரத்துக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

வாகை, வேம்பு, வேங்கை, பலா ஆகியவற்றில் நார் ஒரு அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து வளர்வதுண்டு. பட்டை பட்டையாக நீங்கள் காண்பது அதுதான். வெட்டுக்கோணம் பெரிதாக இருந்தால் கத்தி ஆப்புப் போல நுழைந்து, எதிர்வாட்டத்தில் உள்ள நாரைத் தூக்கி, விளிம்புக்கு முன்னதாகவே பிளந்துவிடும். கோணத்தைக் குறைத்தால் சீவல் உடனே மடங்கி ஒடியும். பிளவு ஓட இடமிராது. பைன், மலைவேம்பு போன்ற மென்மரங்களுக்கு 25 முதல் 30 வரையும், நேர் நார் கொண்ட கடின மரத்துக்கு 15 முதல் 20 வரையும், பின்னிய நாருக்கு 10 முதல் 15 வரையும் நான் வைப்பது வழக்கம்.

பள்ளத்தை மாற்ற முடியாது. ஆகவே கத்தியின் முன்முகத்தில், விளிம்பை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 15 டிகிரியில் ஒரு சிறு சாய்வு பிடியுங்கள். 30 டிகிரி 15 ஆகிவிடும். பின்சாய்வைப் பழையபடி 40-க்கே கொண்டுவந்துவிடுங்கள். விளிம்பின் மொத்தக் கூர் 55 டிகிரியாகி, விலகல் 20 டிகிரி கிடைக்கும். இரு கத்திகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளை அதிரும். கத்தியைக் கழற்றும் முன் மின் இணைப்பை அடியோடு துண்டித்துவிடுங்கள்.

பதில் (சோழவந்தான்)

மேலூர் ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்கிறேன். கோணம் குறைந்தால் மோட்டாருக்குச் சுமை கூடும். ஆகவே ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். பலகை செல்லும் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 8 மீட்டர் என்றால், 10,000 வெட்டுகளுக்குப் பங்கிட, ஒரு வெட்டுக்கு 0.8 மில்லிமீட்டர் வரும், அது போதுமானது. இதே கத்தியால் மலைவேம்பை இழைத்தால் நார் வெட்டுப்படாமல் நசுங்கிப் பஞ்சு போல எழும் என்பதால், சாய்வு பிடிக்காத ஒரு சோடியைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் கூர் விரைவில் மழுங்கும். அதற்குக் கார்பைடு கத்தி உழைக்கும்.

கேட்டவர் (திருமங்கலம்)

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோணமானியை வைத்துப் பார்த்தபோது என் உருளையும் 30 டிகிரிதான். கூறியபடியே சாய்வு பிடித்து, முதலில் ஒரு கழிவுத் துண்டிலும் பிறகு பலகைகளிலும் இழைத்தேன். வாகை முழுவதும் சீராக வந்துவிட்டது. வேம்பில் மட்டும், கணுவைச் சுற்றிக் கையளவு இடத்தில் இன்னும் லேசாகப் பிய்கிறது. சாய்வை இன்னும் கூட்டலாமா?

பதில் (மேலூர்)

ஒரு கணுவுக்காகக் கத்தியைத் தொட வேண்டாம், தம்பி. அந்த இடத்தை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, கை இழைப்புளியில் கத்தியின் மேல் அமர்ந்து சீவலை மடக்கும் மேல்தகட்டை விளிம்பிலிருந்து கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு நெருக்கி வைத்து, மெல்லிய சீவலாக எடுங்கள். அதன் பிறகும் பிசிறு நின்றால் சுரண்டு தகடு எடுத்துவிடும். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே பாலிஷ் போடுங்கள்.